அம்மன் திருப்பி வாங்கிக்கொண்ட சத்தியம்

சென்ற வருடம் ஆடி மாதத்தில் என் மகன் சேகரின் இடது கால் கறுத்துக்கொண்டு வந்தது. ஊசி போட்டுப் போட்டுப் புண்ணான கால். பழைய கைலியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு பின்னறையில் கிடந்தான். தொட்டால் உடம்பு அனலாகச் சுட்டது. அறையில் நிற்க முடியாத வாடை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தாயே, என் கண் முன்னாலேயே இவன் அழுகிச் சாகப்போகிறானா என்று சாமி மாடத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு அலுத்த வாய். அன்றைக்கு அழுகைகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் நம் அம்மனுக்கு விளக்குப் போடுகிற உங்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் பெயர் அஞ்சலை. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரைக்கும்தான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

நம் கோயில் இருக்கிற தோட்டத்தில்தான் நான் பால்மரம் சீவினேன். என் நிரையில் ஒரு மரம் காயப்பட்டது என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை. தோட்டத்தை விற்றார்கள். மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பாதி இடத்தில் வீடு கட்டினார்கள். கோயில் மட்டும் நின்றது. நாங்கள் ஈப்போவை ஒட்டின ஒரு தாமான் குடியிருப்பில் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் போன பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கி இந்த ஒரே மகனை ஆளாக்கினேன். கல்யாணமும் செய்து வைத்தேன். அஞ்சலை மகன் என்றால் நாலு பேர் நல்லபடியாகச் சொல்லவேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆசை.

சேகர் லூமுட்டிலிருந்து ஈப்போவுக்கு மீன் லோரி ஓட்டினான். ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு போனது. வலிக்கு நல்லது என்று கூட வேலை செய்கிறவன் யாரோ போதைப் பவுடரைக் கொடுத்திருக்கிறான். முதலில் புகைத்தான், பிறகு ஊசி. எனக்கு ஒன்றும் தெரியாது. என் மருமகள் கலாதான் ஒரு நாள் வந்து சொன்னாள்.

"அத்தை, அவரு பாத்ரூமுக்குப் போனா வெளிய வரமாட்டேங்கிறாரு. கண்ணைப் பாத்தீங்களா? கருமணி கடுகு மாதிரி சுருங்கிக் கெடக்கு."

எனக்கு உலகமே இருண்டது. ஆனாலும் பயப்படவில்லை. எனக்கு அம்மன் இருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையே அவனைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அவள் முன்னால் தட்டில் சூடம் ஏற்றினேன்.

"அணைச்சு சத்தியம் பண்ணு" என்றேன்.

"என்னம்மா சொல்லணும்?"

"இனிமே எந்தப் போதையும் தொடமாட்டேன். தொட்டா என் தாய்க்கு ஏதாச்சும் ஆகட்டும்னு சொல்லு."

"உனக்கு ஆகட்டும்னு ஏம்மா சொல்லணும்? எனக்கே ஆகட்டும்னு சொல்றேன்."

"உனக்குன்னா நீ பயப்படமாட்ட. எனக்குன்னாதான் பயப்படுவ."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அம்மனைப் பார்த்தான். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தான். என் பிள்ளைக்கு என் மேல் இருக்கிற பாசத்தைக் கொண்டே பூட்டுப் போட்டுவிட்டேன் என்று பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நாள் நடுங்கினான், வாந்தி எடுத்தான், தூங்காமல் கிடந்தான். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். தேறினான். வேலைக்குப் போனான். தாய் காப்பாற்றிவிட்டாள் என்று மாவிளக்குப் போட்டேன்.

அடுத்த தீபாவளி நெருங்கின சமயம். நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சேகர் பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, அரசாங்கக் கிளினிக்ல ஒரு மருந்து குடுக்குறாங்களாம். தினமும் போயி அங்கேயே நின்னு குடிக்கணும். குடிச்சா அந்த ஆசை அடங்கிருமாம். போயிக் கேக்கலாமா?"

"தொட்டியா மறுபடியும்?"

அவன் கொடியில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இல்லம்மா. தொடல. தொட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

"அந்த மருந்து எதுல செய்யிறாங்க?"

"அதுவும் கொஞ்சம் அந்த ஜாதிதாம்மா. ஆனா மருந்து."

"அப்ப சூடத்துல அடிச்சது என்னாச்சு? எந்தப் போதையும்னுதானே சொன்ன? எனக்கு ஏதாச்சும் ஆகணும்னு பாக்குறியா?"

கலா கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை, போயித்தான் பாக்கட்டுமே. நான் கூடப் போறேன்" என்றாள்.

"அந்த வரிசையில நம்ம ஜனம் எத்தன பேரு நிக்கும் தெரியுமா? அஞ்சலை மகன் பவுடர் மருந்துக்கு நிக்கிறான்னு கோயில்ல பேசணுமா?"

"விடும்மா. வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சேகர் உள்ளே போய்விட்டான். நான் மீதித் துணியைக் காயப் போட்டேன்.

அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியத்தான் செய்தது. தெரிய வேண்டாம் என்று இருந்துகொண்டேன்.

அந்த மழைக்காலத்திலேயே எனக்குக் கண் மங்கியது. வயசானால் வருகிற புரைதான், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். செய்தார்கள், சரியானது. ஆபரேஷன் அன்றைக்குச் சேகர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான் என்று கலா சொன்னாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் கிளினிக் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுபடியும் பவுடர் என்று வீட்டில் வெட்டவெளிச்சமாக வருடம் ஒன்று ஆகவில்லை. லோரி வேலை போனது. கலா பொறுத்துப் பார்த்தாள். பிறகு கைக்குழந்தையாக இருந்த என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆயர் தாவாரில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அவளைத்தான் குறை சொன்னேன். குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்று பஸ்ஸில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

வேண்டுதலை மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவேன். தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு சாப்பிட்டேன். வேப்பிலைச் சேலை கட்டிச் சுற்றி வந்தேன். "தாயே, ஊசி மருந்து, ஆஸ்பத்திரி, கிளினிக் எதுவும் இல்லாம உன் திருநீத்துலேயே என் பிள்ளை தேறணும். நாலு பேருக்குத் தெரியக்கூடாது" என்று கேட்பேன். ஊரடங்கு போட்டுக் கோயில் பூட்டியிருந்த காலத்தில் வீட்டு மாடத்துக்கு முன்னால் இதையே கேட்டேன். என்ன தர வேண்டும் என்று மட்டும் நான் கேட்கவில்லை. எப்படித் தர வேண்டும் என்றும் அவளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படியே வருடங்கள் ஓடித்தான் அந்தக் கறுத்த காலில் வந்து நின்றது.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. காலையில் பக்கத்து வீட்டு ராஜு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது நல்லால்ல லா. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டா?" என்றான்.

சேகர் படுத்தபடியே, "கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவேன்" என்றான்.

நான் ராஜுவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"போலீஸ் புடிக்கும்னு பயப்படுறியா?"

"இல்ல."

"பின்ன ஏண்டா சாகக் கெடக்குற? எம் மேல உனக்கு இவ்வளவுதான் பாசமா?"

அவன் சிரித்தான். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "பாசம்னாலதாம்மா."

"என்ன சொல்ற?"

"நான் சத்தியத்த ஒடச்சது எப்பன்னு உனக்குத் தெரியாது. நீ மாவிளக்குப் போடுறப்பவே ஒடச்சிட்டேன். அப்புறம்தான் உனக்குக் கண்ணு போச்சு. நான் செஞ்சதுக்கு அம்மன் உன்ன அடிச்சா. இப்ப என் கால எடுத்துக்குறா. எடுத்துக்கட்டும். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடித் தப்பிச்சா மீதி உன் மேலதானே விழும்?"

"கிளினிக்குப் போலாம்னு கேட்டியே அன்னைக்கு…"

"அன்னைக்கே சொல்லிரலாம்னுதான் வந்தேன். எனக்கு ஆகணும்னு பாக்குறியான்னு கேட்ட. அப்புறம் எப்படிச் சொல்லுவேன்?"

எழுந்து வெளியே வந்தேன். அவனை வெளியே போகவிடாமல் காக்கும் என்று நான் போட்ட பூட்டு அவனை உள்ளேயே வைத்து அழித்திருக்கிறது. அவன் பவுடரை விடாததற்கு நான் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். கூட்டாளிகள் என்றேன், கலா என்றேன், கிரகம் என்றேன். இதை மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ராஜு, என்னக் கோயிலுக்குக் கொண்டுபோயி விடுறியா?" என்றேன்.

"இப்பயா அத்தை?"

"இப்பதான். உன் பொஞ்சாதிய அவன்கிட்ட இருக்கச் சொல்லு."

கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நம் பூசாரி என்னைவிட வயதில் இளையவர், உங்களுக்குத் தெரியும். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அகப்பையைப் பிடித்திருந்தார்.

"வாங்கக்கா, சொம்பு எங்க? வெறும் கையோட வந்திருக்கீங்க" என்றார்.

"பூசாரி, சூடத்துல அடிச்ச சத்தியத்தத் திருப்பி வாங்க முடியுமா?"

அவர் அகப்பையை வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பேசலாம் என்று கை காட்டினார். நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். என் மகன் பவுடர் போடுகிறான், கால் அழுகிவிட்டது, நான் வாங்கின சத்தியத்தால் வைத்தியத்துக்கு வரமாட்டேன் என்கிறான் என்று முழுவதையும் சொன்னேன். கூழுக்கு நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். இத்தனை வருடம் மூடி வைத்தது வாயை விட்டுப் போகப் போக எனக்கு மூச்சு விட முடிந்தது.

பூசாரி கேட்டார். "சத்தியத்த யாருக்கா கேட்டது? அம்மனா கேட்டா?"

"நான்தான் கேட்டேன்."

"அப்ப அவ மேல ஏன் பழி போடுறீங்க?"

"மருந்து சாப்பிட்டா அவளுக்குக் கோவம் வராதா?"

"நான் இனிப்பு நீரு வியாதிக்கு மாத்திர போட்டுட்டுத்தான் தெனமும் அவளுக்குப் பூச வெக்கிறேன். இன்னும் என்ன அடிக்கல லா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

உள்ளே கூட்டிப் போய்ச் சூடம் ஏற்றினார். "அவன் சொன்னத நீங்க திருப்பிச் சொல்லி உங்க கையால அணைங்க. அவ சாட்சிதான். கணக்கு உங்க ரெண்டு பேருக்கும்தான்" என்றார்.

நான் சொன்னேன். "தாயே, அவன் பண்ணின சத்தியம் என்னோடது. அவன் ஒடச்சதும் என்னோடது. எனக்கு என்ன ஆகணுமோ ஆகட்டும், அவன விட்டுரு. திருநீத்துலதான் குணமாகணும்னு இனிமே கேக்கமாட்டேன். எந்தக் கையால வேணும்னாலும் குடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவன் வாயால ஒரு வார்த்த வரட்டும். அது போதும்." உள்ளங்கையால் அணைத்தேன். சுட்டது. இவ்வளவு சுடும் என்று அவனை அடிக்கச் சொன்னபோது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவன் நெற்றியில் திருநீறு பூசினேன். "அம்மன் சத்தியத்தத் திருப்பி வாங்கிக்கிட்டாடா. உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எல்லாம் முடிஞ்சது."

அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். "பூசாரி சொன்னாரா, நீயா சொல்றியா?"

அவன் அப்படிக் கேட்டது சரிதான். ராஜு தன் கைப்பேசியில் பூசாரியைக் கூப்பிட்டு அவன் காதருகில் வைத்தான். பின்னால் கூழ் வாங்குகிறவர்கள் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"தம்பி, உங்கம்மா ஊரு முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டுப் போச்சு. இனிமே ஒளிக்க ஒன்னும் இல்ல. அம்மன் உங்கம்மாவத் தொடமாட்டா, நான் சொல்றேன். போயி ஊசி போட்டுட்டு வா. அடுத்த வருசம் கூழுக்கு வெங்காயம் உரிக்க ஆளு பத்தல."

சேகர் போனைக் கொடுத்தான். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான். "ராஜுவக் காரு எடுக்கச் சொல்லும்மா. போலாம்."

அதுதான் என் வேண்டுதலுக்குக் கிடைத்த பதில். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை மண்சோறும்.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தாள். "ஏன் பாட்டி இவ்வளவு லேட்டு?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். உயிர் பிழைக்கும், கால் பிழைக்காது என்றாள். முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். வார்டில் இருக்கும்போதே அந்த மருந்தையும் ஆரம்பித்தார்கள். மெத்தடோன் என்று பெயர். ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

கலா பார்க்க வந்தாள். பிள்ளையைக் கூட்டி வரவில்லை. சேகர் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வை தட்டையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கூடப் போறேன்னு சொன்னேன் அத்தை" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அவள் திரும்பி வரவில்லை. வருவாள் என்று நான் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி அப்பாவிடம் போனில் பேசுகிறாள். பள்ளிக்கூடக் கதைகள் சொல்கிறாள். அவள் எட்டி உதைத்து விளையாடின வயசையெல்லாம் அவன் பார்க்கவில்லை. அது இனி எந்தக் கோயிலுக்குப் போனாலும் கிடைக்காது.

அக்கா தங்கைகளே, இதை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மன் என் வேண்டுதலுக்குத் தாமதமாகப் பதில் சொன்னாள் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அன்றைக்கே என் மகன் வந்து, கிளினிக்குக்குப் போகலாமா என்று கேட்டானே, அதுதான் அவள் அனுப்பின பதில். அவன் கால் நன்றாக இருந்தது. வேலை இருந்தது. பெண்டாட்டி வாசலில் செருப்பு மாட்டத் தயாராக நின்றாள். வந்த பதிலை நான்தான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பதிலைக் காணோம் என்று வெள்ளிக்கிழமைதோறும் அவளிடமே போய் அழுதேன்.

ஆனாலும் அவள் என்னைக் கைவிடவில்லை. மறுபடியும் அனுப்பினாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான். பொய்க்கால் போட்டு நடக்கப் பழகிவிட்டான். ஒரு டயர் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. நடுவில் ஒரு தரம் சறுக்கினான். மறுநாளே அவனாகப் போய் டாக்டரிடம் சொன்னான். என்னிடமும் சொன்னான். நான் சத்தியம் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். இந்த ஆடிக்குக் கோயிலில் உட்கார்ந்து மூட்டை வெங்காயம் உரித்தான். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

முதலில் எல்லாம் தினமும் காலையில் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். இப்போது அவனே போய்விட்டு வருவான், ஆனாலும் நான் போகிறேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு முன் வரிசைப் பெஞ்சில் உட்காருவேன். நம் ஜனம் பார்த்தால் கூப்பிட்டுப் பேசுவேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் மகன் பிழைக்க வந்திருக்கிறான்.

போன வாரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். பத்து காஜா ஊர்ப் பக்கமிருந்து வந்தவளாம். என்னைவிட வயதில் குறைந்தவள்.

"அக்கா, என் மகன் நேத்து ராத்திரி அவனாவே கேட்டான், இங்க வந்து பாக்கலாமான்னு. இன்னிக்கு அஷ்டமி. புதன்கிழமை நல்ல நேரம் இருக்கு. அப்பக் கூட்டிட்டு வரலாமா, மருந்து இருக்குமா?"

"இப்ப அவன் எங்க?"

"வெளிய மோட்டார் சைக்கிள்ல உக்காந்திருக்கான்."

"புதன்கிழமை வரைக்கும் அவன் இதே மனசோட இருப்பான்னு உனக்கு யாரு சொன்னா? மொதல்ல போயி அவனக் கூட்டிட்டு வா. நான் எடம் புடிச்சு வெக்கிறேன்."

அவள் போனாள். என் பையை எடுத்துப் பக்கத்து இடத்தில் வைத்தேன். தாயே, அவன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆனது மாதிரி இருந்தது. ஒல்லியாக ஒருவன், தலையில் தொப்பியைக் கழற்றாமலே, தாய்க்குப் பின்னால் உள்ளே வந்தான்.

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.